குளிரில் முறியாத எஃகு

1944 அக்டோபர் 20. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் திரவ இயற்கை எரிவாயுத் தொட்டி பிளந்தது. தீயில் 130 பேர் மாண்டார்கள். அந்த எஃகில் நிக்கல் 3.5 சதவீதம்தான். எரிவாயுவைத் திரவமாக வைத்திருக்கும் மைனஸ் 162 டிகிரிக் குளிருக்கு அது எந்த மூலைக்கு?

பின்னர் வந்த 9 சதவீத நிக்கல் எஃகின் மீது எனக்குத் தனி மரியாதை. 10 மில்லிமீட்டர் சதுரத் தண்டில் 2 மில்லிமீட்டர் ஆழத்துக்கு வெட்டுப் போட்டு, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் அமிழ்த்தி, எடுத்த கையோடு ஊசல் சம்மட்டியால் அடிப்பார்கள். சாதாரண எஃகு சட்டென்று உடையும், முறிந்த முகம் பளபளக்கும். இதுவோ வளைந்து, நார்நாராக, மங்கலாகக் கிழியும். அந்த மங்கல்தான் உயிர்காக்கும் அழகு!

இப்போது தென்கொரியாவின் எஃகு நிறுவனமான போஸ்கோ, நிக்கலுக்குப் பதில் மாங்கனீசு மிகுந்த எஃகை உருவாக்கியிருக்கிறது. விலை குறைவது நல்லதுதான். ஆனால் வெல்டிங் இணைப்பையும் அதே குளிரில் அடித்துப் பார்க்காமல் எந்தத் தொட்டியையும் நிரப்பக் கூடாது.