இளவரசர் அந்திரேயின் இனிஷியல்

டால்ஸ்டாயின் 'போரும் அமைதியும்' நாவலிடம் இரண்டு முறை தோற்றிருக்கிறேன். இரண்டு முறையும் சறுக்கியது ஒரே இடத்தில்தான். 1805 ஜூலை, பீட்டர்ஸ்பர்க், அன்னா பாவ்லவ்னா வீட்டு விருந்து. ஒவ்வொருவராக வருகிறார்கள், பிரெஞ்சில் பேசுகிறார்கள். யார் யாருக்கு மகன், யாருக்கு யார் மனைவி என்பது நூறு பக்கத்துக்குள் குழம்பிவிடும். ஒரு பக்கத்தில் பியர் என்று வருபவரே வேறோரிடத்தில் பியோத்தர் கிரீலொவிச் ஆகிவிடுவார். யாரோ புதியவர் என்று நினைத்து முன்பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருப்பேன்.

மூன்றாம் முறை நாற்பது பக்க நோட்டு ஒன்றுடன் உட்கார்ந்தேன். மொத்தம் 361 அத்தியாயங்கள், பெரும்பாலும் சின்னவை. நாளுக்கு ஒன்று என்று கணக்கு. கையில் டி. எஸ். சொக்கலிங்கத்தின் தமிழாக்கமான 'போரும் வாழ்வும்', சந்தேகத்துக்கு ஆங்கிலம்.

போல்கோன்ஸ்கி குடும்பத்தை நோட்டில் எழுதும்போதுதான் விஷயம் பிடிபட்டது. கிழவர் நிக்கலாய் அந்திரேயவிச், அதாவது அந்திரேயின் மகன் நிக்கலாய். அவர் மகன் அந்திரேய் நிக்கலாயவிச். அவருக்குப் பிறக்கும் பிள்ளை மறுபடியும் நிக்கலாய். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைத்திருக்கிறார்கள்! 'பெயரன்'தானே நம்மிடம் பேரன் ஆனான். நான் மிரண்ட அந்த நடுப்பெயர் நம் இனிஷியல்தான். நாம் ஓரெழுத்தாகச் சுருக்கி முன்னால் போடுகிறோம், அவர்கள் விரித்துப் பின்னால் போடுகிறார்கள். நாவலின் நாயகி நத்தாஷாவின் தகப்பனார் இல்யா, எனவே சபையில் அவள் நத்தாலியா இல்யீனிச்னா. வீட்டில் ஒரு பெயர், வெளியில் ஒரு பெயர் என்பது நமக்குப் புதிதா என்ன?

பிறகு நோட்டை அதிகம் திறக்கவில்லை. வசந்தத்தில் எல்லா மரமும் துளிர்த்திருக்க, ஒரு கிழட்டு ஓக் மட்டும் முரண்டு பிடித்து மொட்டையாக நிற்கிறது. மனைவியை இழந்த அந்திரேய் அதைத் தன் கட்சி என்று எண்ணிக்கொண்டு போகிறார். ஜூனில் அதே வழியில் திரும்பும்போது மரத்தை முதலில் அடையாளம் தெரியவில்லை, அவ்வளவு தழை! நடுவில் நடந்தது ஒன்றுதான். ஓரிரவு மாடி ஜன்னலிலிருந்து நத்தாஷாவின் குரல் கேட்டிருக்கிறது. அன்று கணக்கை மீறி நான்கு அத்தியாயங்கள் ஓடின.

முடிவுரையின் இரண்டாம் பகுதி 12 அத்தியாயங்களுக்கு வரலாற்று வாதம். கடனே என்று தள்ளிவிட்டேன், வருத்தமில்லை. சிறுவன் நிக்கலாய் இறந்துபோன தகப்பனைக் கனவில் கண்டு விழித்துக்கொள்ளும் இடத்திலேயே எனக்குக் கதை முடிந்துவிட்டது. நோட்டின் கடைசி வரியில் அவன் பெயரை முழுதாக எழுதினேன். நிக்கலாய் அந்திரேயவிச். கிழவருக்கு முதல் பக்கத்தில் எழுதியிருந்ததும் அதுவேதான்.