ஐந்து சதவீதச் சுங்கம்: சீன வரலாறு படிக்கும் நாட்களில்

மே 9

1915-ல் இதே நாளில்தான் சீனாவில் தனிச் சலுகைகள் கேட்டு ஜப்பான் வைத்த 21 கோரிக்கைகளைச் சற்றுத் திருத்திய வடிவில் சீன அரசு ஏற்றது. பிறகு பல ஆண்டுகள் இதைத் தேசிய அவமான நாளாக அனுசரித்தார்கள். சீன தேசியவாதம் என்றாலே மானம், கொடி என்று பேசுகிறோம். படிக்கப் படிக்க எனக்கு உறுத்துவது சுங்க வரிதான்.

மே 14

அபினிப் போரில் தோற்ற சீனா 1842-ல் பிரிட்டனோடு செய்த நாங்கிங் ஒப்பந்தத்தில் ஹாங்காங் பறிபோனது, ஐந்து துறைமுகங்கள் திறந்தன, 2.1 கோடி வெள்ளி டாலர் தண்டம் விழுந்தது. இதெல்லாம் பள்ளிப் பாடத்திலேயே வரும். அடுத்த ஆண்டு வந்த வரி அட்டவணையை யாரும் பேசுவதில்லை. பெரும்பாலான சரக்குக்குச் சுமார் 5 சதவீதம்தான் வரி; அந்நிய நாடுகள் சம்மதிக்காமல் சீனா அதை உயர்த்த முடியாது. ஒரு நாட்டுக்குக் கொடுத்த சலுகை மற்ற நாடுகளுக்கும் போய்ச் சேரும். எண்பது ஆண்டுகளுக்கு மேல் இதே நிலை! சொந்த ஊர் ஆலையைக் காப்பாற்ற வரி போட முடியாத அரசு என்ன அரசு? லங்காஷயர் துணிக்காக இந்தியாவில் இறக்குமதி வரியைக் குறைத்ததும் இதே பிரிட்டன்தான்.

மே 21

சீனச் சுங்கத் துறையின் தலைவராக 1863 முதல் 1911 வரை இருந்தவர் ராபர்ட் ஹார்ட் என்ற பிரிட்டிஷ்காரர். மன்னராட்சியை வீழ்த்திய 1911 புரட்சிக்குப் பின் வசூல் பணமே அந்நிய வங்கிகளுக்குப் போனது. கடனும், பாக்ஸர் கிளர்ச்சிக்காக 1901-ல் சுமத்திய 45 கோடி தேல் (பழைய சீன எடை அளவு) வெள்ளித் தண்டமும் கழிந்த மிச்சம்தான் பீகிங் அரசுக்கு. அந்த மிச்சத்தில் கான்டனுக்கும் பங்கு வேண்டும் என்று 1923-ல், அந்தத் தென்சீன நகரில் தனி அரசு நடத்திய தேசியத் தலைவர் சன் யாட்-சென் கேட்டார். அந்நியப் போர்க்கப்பல்கள் கான்டனுக்கு வந்து நின்றன. சொந்தத் துறைமுக வரியில் பங்கு கேட்டதற்கு! 1924 ஜனவரியில் அவருடைய தேசியவாதக் கட்சியான கோமின்டாங்கின் மாநாடு, நாங்கிங் போன்ற சமமற்ற ஒப்பந்தங்களை ஒழிக்க வேண்டும் என்று அறிவித்தது. வேறென்ன செய்திருக்க முடியும்?

மே 30

1925. ஜப்பானிய ஆலையில் கு செங்ஹொங் என்ற தொழிலாளி கொல்லப்பட்டதைக் கண்டித்து ஷாங்காய் நாஞ்சிங் சாலையில் மாணவர்கள் திரண்டார்கள். அந்நியர் நிர்வகித்த பகுதி அது; கூட்டத்தைச் சுடச் சொன்னவர் அங்கிருந்த போலீஸின் பிரிட்டிஷ் இன்ஸ்பெக்டர். சுட்ட காவலர்களில் சீனர்களோடு சீக்கியர்களும் இருந்தார்கள். இந்த இடத்தைச் சுலபமாகக் கடந்து போக என்னால் முடியவில்லை.

ஜூன் 23

அதே ஆண்டு இதே நாளில் கான்டன் ஷாகியில் ஊர்வலம் மீது துப்பாக்கிச் சூடு. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் பலி. அப்புறம் ஹாங்காங்-கான்டன் வேலைநிறுத்தமும் பிரிட்டிஷ் சரக்குப் புறக்கணிப்பும் 1926 அக்டோபர் வரை நீடித்தன. கூலியை இழந்து நின்றவர்கள் துறைமுகத் தொழிலாளர்கள்.

ஜூன் 28

1927 ஏப்ரல் 12. கோமின்டாங் படைத் தலைவர் சியாங் கை-ஷேக்கின் ஆட்கள் ஷாங்காய்த் தொழிற்சங்கங்களை வேட்டையாடினார்கள். அந்நிய ஆதிக்கத்துக்கு எதிராகத் தெருவில் நின்றவர்களையே தேசியத்தின் பெயரால் கொன்றதை எந்தக் காரணம் சொல்லியும் நியாயப்படுத்த முடியாது. சுங்க வரியைத் தானே நிர்ணயிக்கும் சீனாவின் உரிமையை அடுத்த ஆண்டு அமெரிக்கா ஒப்புக்கொண்டது, 1930-ல் ஜப்பானும். 1929 பிப்ரவரியில் சீனா தானே வகுத்த வரி அட்டவணை நடைமுறைக்கு வந்தபோது, அதற்காக முழக்கமிட்ட ஷாங்காய்ச் சங்கத் தலைவர்களில் பலர் உயிரோடு இல்லை.