வடக்க தலை வைக்கக்கூடாதுன்னு ஆச்சி சொன்னது நல்லதாப் போச்சு

பையனுக்கு அப்ப ஏழாவது வாரம், தென்காசில அம்மா வீட்டுல இருக்கேன். ஆச்சி கால நீட்டிப் போட்டு குளிப்பாட்டி முடிச்சு துண்டுல சுத்தி என் கைல குடுக்குது, முடியெல்லாம் நனைஞ்சு மண்டையோட ஒட்டிக் கிடக்கு, சும்மா மேல இருந்து பாக்கேன், பின்மண்டைல வலது பக்கம் யாரோ உள்ளங்கைய வச்சு அமுக்குன மாதிரி தட்டையா இருக்கு. அந்த இடத்துல மட்டும் முடி தேஞ்சு ஒரு அஞ்சு ரூவா காசு அளவுக்கு வழுக்கை வேற. நல்லா உத்துப் பாத்தா வலது காது இடது காத விட ஒரு நூல் முன்னாடி தள்ளி நிக்குது. எனக்கு வயித்தக் கலக்கிருச்சு.

அன்னைக்கு ராத்திரியே போன எடுத்து தேடி, நடுவுல குழி வச்ச கடுகுத் தலையணை ஒண்ணு ஆர்டர் போட்டேன். எல்லா அம்மாவும் செய்ற தப்புதான். வந்து நாலாவது நாள் தையல் விட்டுருக்கு, எனக்குத் தெரியல, பால் குடுக்கும்போது பாத்தா பிள்ள கழுத்து மடிப்புல ரெண்டு கடுகு ஒட்டிட்டு இருக்கு. அது வாய்க்குள்ளயோ மூக்குக்குள்ளயோ போயிருந்தா? தூக்கி பரண்ல எறிஞ்சதுதான். அப்புறம் டாக்டர் சொன்னாங்க, தையல் விடாட்டியும் அது வேண்டாம், ஒரு வயசு வரைக்கும் பிள்ளைக்கு தலையணையே கிடையாது, முகம் அதுல புதைஞ்சா திருப்பிக்கிற தெம்பு அதுக்குக் கிடையாது, குழி வச்சது, குழி வைக்காதது எல்லாம் ஒண்ணுதான்னு.

டாக்டர் மண்டையத் தொடுறதுக்கு முன்னாடி கழுத்தத்தான் பாத்தாங்க. ஒரு சாவிக்கொத்த ஆட்டி ஆட்டி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திரும்ப வச்சாங்க. சில பிள்ளைங்களுக்கு கழுத்துல ஒரு தசை இறுகி இருக்குமாம், டார்டிகோலிஸ்னு பேரு, அப்படின்னா பிசியோதெரபி வேணும், இல்லன்னா என்ன செஞ்சாலும் பிள்ள ஒரே பக்கம்தான் திரும்பும். இவன் ரெண்டு பக்கமும் திரும்புனான். அப்புறம் விரலால மண்டைய தடவி எலும்பு சேர்ற இடம் எதுவும் மேடா இருக்கான்னு பாத்தாங்க, அந்த தையல் மாதிரி இடமெல்லாம் சீக்கிரமே மூடிக்கிட்டா அது வேற கதை, ஆபரேஷன் வரைக்கும் போகும், படுக்க வைக்கிற விதத்துல எல்லாம் சரியாகாது. அதுவும் இல்ல. உச்சிக்குழி ஒன்றரை வயசு வரைக்கும் கூட திறந்திருக்கும், எலும்பு இன்னும் இளசு, மூளை இப்பதான் வேகமா வளருது, எங்க அழுத்தம் விழுதோ அங்க தட்டையாகும், அழுத்தத்த எடுத்தா வளர்ற வேகத்துல தானா நிரவிக்கும், அவ்ளோதான்னு சொன்னாங்க.

அப்ப ஏன் வலது பக்கம் மட்டும்? வீட்டுக்கு வந்து பிள்ள படுக்குற இடத்துல தலைய சாச்சு நானே படுத்துப் பாத்தேன் (அம்மா ஒரு மாதிரி பாத்தா). தரைல மெத்தை, இடது பக்கம் வெறும் சுவரு, சுண்ணாம்பு அடிச்ச வெள்ளச் சுவரு, ஒண்ணுமே இல்ல. வலது பக்கம்தான் நான், நைட் லேம்ப், எட்டிப் பாக்குறவங்க, கொஞ்சுறவங்க, எல்லாம். நானா இருந்தாலும் வலது பக்கம்தான் திரும்புவேன். பால் குடுக்குறதும் யோசிச்சுப் பாத்தா ஒரு பக்கம் புண்ணா இருந்ததால பெரும்பாலும் இன்னொரு பக்கமே குடுத்துட்டு இருந்திருக்கேன். புட்டிப்பால் குடுக்குறவங்களும் கைய மாத்தி மாத்தி பிடிக்கணும்.

சரி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் தலைமாட்டையும் கால்மாட்டையும் மாத்திப் போடுங்கன்னு டாக்டர் ஈசியா சொல்லிட்டாங்க. இப்ப தெக்க தலை வச்சுப் படுத்திருக்கான், மாத்துனா எங்க வரும்? வடக்க. நான் தூக்கி திருப்பிப் போட்டதுதான் தாமதம், அடுப்படில இருந்த ஆச்சிக்கு எப்படித்தான் தெரிஞ்சதோ, "ஏட்டி, பச்சப்பிள்ளைய வடக்க தலைய வச்சா போடுவ?"ன்னு ஒரு சத்தம். நான் எலும்பு, அழுத்தம்னு என்னத்தையோ சொல்லிப் பாத்தேன். காதுலயே வாங்கல. அரை மணி நேரம் கழிச்சு வந்து, "தலைய மாத்தாத, மெத்தைய மாத்து, அந்தச் சுவரோரம் இழுத்துப் போடு, தெக்கயும் தலை ஆச்சு, நீயும் அந்தப் பக்கம் ஆச்சு"ன்னு சொல்லிட்டுப் போயிருச்சு. எனக்கு சிரிப்பு தாங்கல. எதிர்ச் சுவரோரம் போட்டா இப்ப சுவரு வலது பக்கம், நாங்க எல்லாரும் இடது பக்கம். ஒரு நாள் இந்தச் சுவரு, மறுநாள் அந்தச் சுவரு. தரை மெத்தைங்கிறதால தப்பிச்சோம்.

எங்க அத்தை போன்ல, பேசாம குப்புறப் போட்டு தூங்க வையி, மண்டை உருண்டையாயிரும்னாங்க. மாட்டவே மாட்டேன்னுட்டேன். அமெரிக்கால 1992லயே குழந்தை டாக்டர்கள் அமைப்பு பிள்ளைங்கள தூங்கும்போது குப்புறப் போடாதீங்கன்னு சொல்லி, 1994ல அதையே பெரிய பிரச்சாரமா செஞ்சாங்க, தூக்கத்துலயே திடீர்னு பிள்ளைங்க இறந்து போறது அதுக்கப்புறம் பாதிக்கும் கீழ குறைஞ்சது. தட்டை மண்டை அதுக்கப்புறம்தான் கூடுச்சு, உண்மைதான், ஆனா அந்த ரெண்டையும் ஒரே தராசுல வைக்க முடியுமா சொல்லுங்க.

குப்புறப் போடுறது முழிச்சிருக்கும்போது, நாம பக்கத்துல இருக்கும்போது மட்டும். டம்மி டைம்னு (tummy, வயிறு) டாக்டர் சொன்னத ஆச்சி இன்னைக்கு வரைக்கும் "டம்மி"ன்னு நினைச்சுட்டு இருக்கு, "டம்மிய போட்டாச்சா"ன்னு கேக்கும். மூணு நிமிஷம், அஞ்சு நிமிஷம், ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தடவ, போகப் போகக் கூட்டணும். முதல் வாரம் முழுக்க ஒரே அழுகை, மூஞ்சி மெத்தைல, கால் ஆகாசத்துல. அப்புறம் சனி ஞாயிறு இவர் வந்தா சட்டையக் கழட்டிட்டு தரைல மல்லாக்கப் படுத்து நெஞ்சு மேல குப்புறப் போட்டுக்குவாரு, அதுல அழமாட்டான், அப்பா தாடியப் பாக்கணும்னு தலைய முக்கி முக்கித் தூக்குவான். அதுவும் கணக்குல சேர்த்திதான். தூக்கி வச்சுக்கிறது, தோள்ல போடுறது எல்லாமே மண்டைக்கு ரெஸ்ட்டுதான், அதனால "கைச்சூடு பழக்காத"ன்னு யாராவது சொன்னா கேக்காதீங்க.

சேலைத் தொட்டில் பத்தி கேட்டேன். கொஞ்ச நேரம், பகல்ல, யாராவது பாத்துட்டு இருக்கும்போது போடலாம், தாடை நெஞ்சுல போய் மடங்காம பாத்துக்கங்க, ராத்திரி சமமான மெத்தைதான்னாங்க. எண்ணெய் தேய்ச்சு மண்டைய உருட்டி உருட்டி விடுறதுக்கு தடா. ஆச்சி ரெண்டு நாள் பேசல.

நாத்தனார் டல்லாஸ்ல இருக்கா, அவ சிநேகிதி பிள்ளைக்கு மண்டை வடிவத்த சரி பண்ற ஹெல்மெட் போட்டாங்களாம், ஒரு நாளைக்கு 23 மணி நேரம். போட்டோ அனுப்பி என்னைய பயமுறுத்துனா. 2014ல நெதர்லாந்துல 84 பிள்ளைங்கள வச்சு பாத்திருக்காங்க, ஓரளவுல இருந்து நல்லாவே தட்டையா இருந்த பிள்ளைங்க வரைக்கும்தான், பாதிப்பேருக்கு ஹெல்மெட், மீதிக்கு ஒண்ணுமே இல்ல, ரெண்டு வயசுல ரெண்டு கூட்டத்துக்கும் பெருசா வித்தியாசம் இல்ல. ரொம்ப மோசமா இருக்குற பிள்ளைங்களுக்கு டாக்டர் வேற மாதிரி சொல்லலாம், எனக்கு இவ்ளோ போதும்னு விட்டுட்டேன்.

இப்ப எட்டு மாசம். நாலாம் மாசம் தலை நின்னதும் பாதி வேலை அவனே பாத்துக்கிட்டான், இப்ப உருண்டு உருண்டு எந்தத் திசைல தூங்குறான்னே தெரியாது, வடக்க தலை வச்சுத்தான் பாதி ராத்திரி கிடக்கான், ஆச்சியும் பாத்துட்டு பேசாம போயிருது. காசு அளவு வழுக்கைல முடி வந்துருச்சு. தட்டை முழுசா போச்சான்னு கேட்டா, முடிக்குள்ள இருக்கு, எனக்கே சரியா தெரியல. அடுத்த மாசம் திருச்செந்தூர்ல மொட்டை, என் தம்பி மடில உக்கார வச்சு எடுக்கப் போறாங்க, பின்னாடி எங்க சொந்தக்காரங்க அத்தன பேரும் நிப்பாங்க.