அக்யூரியா மோதிரம் யாருக்கு?

2025 பிப்ரவரி 9, ஞாயிறு

இன்று ரேக்னராஸ் விழுந்தான். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கிளாசிக் என்ற ஆன்லைன் கேமில், நாற்பது பேர் சேர்ந்து ஆடும் மோல்ட்டன் கோர் ரெய்டின் பத்தாவது பாஸ், கடைசிப் பெரிய எதிரி. அவன் விட்டுப்போன பொருள்களை, அதாவது லூட்டை, திறந்தால் பேண்ட் ஆஃப் அக்யூரியா! 2 சதவீத ஹிட், அதாவது அடி குறி தவறாமல் விழும் வாய்ப்பு, தரும் மோதிரம். ரோக், ஹன்டர், வாரியர் வகை ஆட்டக்காரர்கள், எதிரியின் அடியை முன்னால் நின்று தாங்கும் டேங்க் என்று எல்லோருக்கும் அதன் மேல் கண்.

எங்கள் ரோக் தம்பி டிசம்பரிலிருந்து ஒரு ரெய்டையும் விட்டதில்லை. மோதிரம் போனதோ ஜனவரியில் சேர்ந்த ஹன்டருக்கு. அவர் எங்கள் கில்டின், அதாவது சேர்ந்து ஆடும் குழுவின், லீடருக்கு நண்பர். காரணம் கேட்டேன். “கவுன்சில் முடிவு” என்று மட்டும் பதில் வந்தது. தம்பி தனியாக மெசேஜ் போட்டான்: “விடுங்கண்ணா, அடுத்த தடவை பாத்துக்கலாம்.” அந்த மோதிரம் அடுத்து எப்போது விழும் என்று யாருக்குத் தெரியும்?

பிப்ரவரி 10, திங்கள்

கோபம் இன்னும் ஆறவில்லை. கவுன்சில் முறையே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. நாற்பது பேரில் யாருக்குக் கொடுத்தால் ரெய்டு வலுப்படும் என்று விஷயம் தெரிந்த நாலு பேர் யோசித்துக் கொடுப்பது நல்லதுதான். ஆனால் யோசித்தது என்ன என்று எழுதி வைக்க வேண்டும். ஹன்டருக்குக் கொடுத்ததற்கு நியாயமான காரணம் இருந்திருக்கலாம். அதைச் சொல்லாததால் இப்போது அவர் பெயரும் கெடுகிறது.

பிப்ரவரி 12, புதன்

கில்ட் நிர்வாகிகள் பேசும் ஆபீசர் சேனலில், பொருளை எப்படிப் பிரிப்பது என்று நீண்ட பேச்சு. ஒருவர் ரோல் போடலாம் என்றார். ஒன்றிலிருந்து நூறுவரை எண் விழும், பெரிய எண்ணுக்குப் பொருள். முன்பின் தெரியாதவர்கள் கூடும் ரெய்டுக்கு அது சரி. வாராவாரம் ராத்திரி முழித்து வருகிறவனையும் இன்று முதல்முறையாக வந்தவனையும் ஒரே தட்டில் வைப்பது கில்டுக்குச் சரிப்படாது.

இன்னொருவர் ஜிடிகேபி பேச்சை எடுத்தார். கிட்டத்தட்ட நம்ம ஊர் ஏலச்சீட்டு மாதிரி: பொருளைத் தங்கத்துக்கு ஏலம் விட்டு, சேர்ந்த தங்கத்தை வந்தவர்கள் பங்கு பிரித்துக்கொள்வது. வெறுங்கையோடு யாரும் போக மாட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் நிஜப் பணம் கொடுத்துத் தங்கம் வாங்குகிறவன் கை அங்கே ஓங்கிவிடும். கேம் நிறுவனமான பிளிசார்ட் 2024 பிப்ரவரியில் சீசன் ஆஃப் டிஸ்கவரி என்ற கிளாசிக் வகையில் அதைத் தடை செய்தது. நாங்கள் ஆடும் ஆனிவர்சரி சர்வர்களிலும் தடைதான். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

பழைய டிகேபி, அதாவது டிராகன் கில் பாயின்ட்ஸ், 1999-இல் வந்த எவர்க்வெஸ்ட் காலத்து ஏற்பாடு. நாகஃபென், வாக்ஸ் என்ற இரண்டு டிராகன்களை அடிக்க வந்தவர்களுக்குப் புள்ளி போடப் போய்ப் பிறந்த கணக்கு. அதில் பழையவர்கள் புள்ளியைச் சேர்த்து வைத்துக்கொண்டே போவார்கள். புதியவர் எட்டவே முடியாது.

நான் கேட்டது ஈபிஜிபி. உழைப்புக்குத் தனிப் புள்ளி, வாங்கிய பொருளுக்குத் தனிப் புள்ளி. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் முன்னுரிமை. உழைப்பு 4200, பொருள் 600 என்றால் 7. அதே உழைப்பில் பொருள் 1050 என்றால் 4. ஏழுக்காரர் முன்னால் நிற்பார், வாங்கியதும் தானாகப் பின்னால் போவார். வாரம் பத்து சதவீதம் இரண்டையும் குறைக்க வேண்டும் என்றும் சொன்னேன். அன்றைக்கு விகிதம் அப்படியே இருக்கும். ஆனால் பழைய உழைப்பின் கனம் குறைந்து, இந்த வாரம் வந்து நின்றதற்கு மதிப்பு கூடும்.

கில்ட் லீடர் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, “புள்ளி ஷீட்டை எல்லாரும் பார்க்கிற மாதிரி வைங்க” என்றார். அது போதும் எனக்கு.

பிப்ரவரி 16, ஞாயிறு

புதுக் கணக்கில் முதல் ரெய்டு. மோதிரம் விழவில்லை. ரேக்னராஸிடம் சோக்கர் ஆஃப் தி ஃபயர் லார்ட் என்ற, மந்திரக்காரர்களுக்கான கழுத்தணி விழுந்தது. ஷீட்டில் மேலே இருந்த வார்லாக்குக்குப் போனது. மேஜ் ஒருவர் கணக்கைச் சரிபார்க்கச் சொன்னார், பார்த்தோம், சரியாகவே இருந்தது. நிமிஷத்தில் முடிந்தது.

பிப்ரவரி 17, திங்கள்

இரண்டு விஷயம் பாக்கி இருந்தது. ஒன்று, தண்டர்ஃப்யூரி வாளைச் செய்யத் தேவையான பைண்டிங்குகள் என்ற இரண்டு பொருள்கள். கார், பேரன் கெடன் என்ற இரண்டு பாஸ்களும் ஆளுக்கொன்று தருவார்கள், அதுவும் மிக அரிதாக. இரண்டும் மெயின் டேங்குக்கே என்று முன்கூட்டியே எழுதிவிட்டோம். அந்த வாள் எதிரியின் அடி வேகத்தை 20 சதவீதம் குறைக்கிறது, அதனால் காயத்தை ஆற்றும் ஹீலர்களுக்கும் மூச்சுவிட நேரம் கிடைக்கும். ரோக் தம்பியும் அந்த வாளைப் பிடிக்கலாம்தான். அவனே முதலில் ஓகே போட்டான்.

இன்னொன்று எனக்கு அதைவிட முக்கியம். நாற்பது இடம் நிரம்பி வெளியே காத்திருப்பவர்கள். நேற்று துபாயிலிருந்து ஒரு ப்ரீஸ்ட் அக்கா இரண்டு மணி நேரம் டிஸ்கார்ட் அரட்டையில் உட்கார்ந்திருந்தார், கூப்பிடவே இல்லை. உள்ளே வந்தவருக்குக் கிடைக்கும் உழைப்புப் புள்ளி முழுசும் அவருக்கும் உண்டு என்று வாதாடினேன். பாதி போதும் என்றார்கள் சிலர். ஓட்டுக்கு விட்டோம்; முழுப் புள்ளி என்று முடிவாகி, ஷீட்டில் அக்கா பெயருக்கு நேரே நேற்றைய கணக்கையும் ஏற்றியாயிற்று.