ஏலகிரி 14 வளைவும் ஏறியாச்சு, அடுத்து ஜவ்வாது

மூன்றாவது முயற்சியில்தான் ஏலகிரி மலைப்பாதையைச் சைக்கிளில் எங்கேயும் கால் ஊன்றாமல் ஏறி முடித்தேன். அந்தப் பாதையில் போனவர்களுக்குத் தெரியும், ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் ஒரு புலவர் பெயரோ வள்ளல் பெயரோ வைத்திருக்கிறார்கள். முதல் தடவை கபிலரிடம் நின்றுவிட்டேன். இரண்டாம் தடவை பாரி வரை போனேன். முல்லைக்குத் தேரையே கொடுத்த மனிதர், எனக்குக் கொஞ்சம் மூச்சுக் கொடுத்திருக்கலாம். பொன்னேரியிலிருந்து மேலே வர ஏறத்தாழ 650 மீட்டர் உயரம் ஏற வேண்டும். காரில் போகும்போது இதெல்லாம் உறைப்பதே இல்லை.

இந்த முறை கால் வலுவை விட உதவியது ஃப்ரீவீல்தான், அதாவது பின்சக்கரத்தில் இருக்கும் பல்சக்கர அடுக்கு. என்னுடையது சாதாரண மலை சைக்கிள், 15 கிலோ இருக்கும், முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் ஏழு. முன்பக்கம் ஆகச் சிறியது 24 பல், பின்பக்கம் ஆகப் பெரியது 28 பல் என்று வந்தது. பின்பக்கத்தை 34 பல் உள்ளதாக மாற்றினேன். முன்பு பெடல் ஒரு முழுச் சுற்றுக்குச் சுமார் 1.8 மீட்டர் நகர்ந்த வண்டி இப்போது ஒன்றரை மீட்டர்தான் நகர்கிறது, ஆனால் அந்த மிதி எவ்வளவோ லேசு, அதனால் வளைவின் உள்பக்கச் செங்குத்தில்கூட உட்கார்ந்தபடியே சுற்ற முடிகிறது. மாற்றிக் கொடுத்த கடையில் செயினை நீட்டாமல் விட்டுவிட்டார்கள், பெரிய பல்லுக்குப் போட்டதும் இழுத்துக்கொண்டு நின்றது. அப்புறம் நானே இரண்டு கண்ணி சேர்த்தேன். ஃப்ரீவீல் மாற்றுகிறவர்கள் இதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இறக்கத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை, எனக்கு அதுதான் பயம். பிரேக்கை விடாமல் லேசாகப் பிடித்துக்கொண்டே வந்தால் டிஸ்க் சூடேறிப் பிடிப்பு குறைகிறது. வளைவுக்கு முன்னால் இரண்டு பிரேக்கையும் அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் விட்டுவிட வேண்டும். குரங்கு குறுக்கே வந்தால் மட்டும் எந்த விதியும் உதவாது.

சரி, பிடித்த தடங்கள். மேலே போய்விட்டால் ஆத்தனாவூரிலிருந்து நிலாவூர் பக்கம் போங்கள், தார்ச்சாலையை விட்டு விலகும் மண்பாதைகள் நிறைய. வயலோரம், பலாமரத்தடி, வீட்டு வாசல் என்று போகும், ஆகவே மெதுவாகப் போய் ஒரு வணக்கமும் வைத்துவிட்டுப் போவது நல்லது. நிலாவூரிலிருந்து ஜலகாம்பாறைக்கு இறங்கும் பாதை நடப்பவர்களுக்கானது. நான் அதில் பாதி தூரம் சைக்கிளைத் தோளில் சுமந்தேன், இனி செய்ய மாட்டேன்.

வாரநாளில் எனக்கு ஏரிக்கரைகள் போதும். ஆனால் அங்கே எதிரி சீமைக்கருவேல முள். ஒரே காலையில் மூன்று பஞ்சர் ஆன நாளுக்குப் பிறகு டியூபுக்குள் ஓட்டையை அடைக்கும் சீலன்ட் திரவம் ஊற்றினேன், அன்றிலிருந்து சின்ன முள்ளுக்கு நிற்பதில்லை. காற்றும் முன்பு 45 பிஎஸ்ஐ வைத்திருந்தேன், கல்லில் குதிரைச் சவாரி மாதிரி இருக்கும். இப்போது 30. இன்னும் குறைத்துப் பார்த்தேன், ஒரு கல்விளிம்பில் டயர் நசுங்கி ரிம் டியூபைக் கடித்துவிட்டது, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை. என் எடைக்கு 30தான் எல்லை. பருவமழை முடிந்த கையோடு கரைப்பக்கம் போகாதீர்கள், களிமண் சக்கரத்தையே சுற்றவிடாது.

அடுத்தது ஜவ்வாது மலை, ஜனவரியில். வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம், அங்கிருந்து காவலூர், பிறகு ஜமுனாமரத்தூர். காவலூரில் வைணு பாப்பு வான் ஆய்வகம் 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, முதல் நாள் அங்கே நின்று தண்ணீர் குடிக்க ஒரு சாக்கு. இரவு ஜமுனாமரத்தூரில் தங்கி மறுநாள் போளூருக்கு இறங்கினால் காட்பாடிக்கு ரயில் உண்டு. கூட வரும் நண்பன் ஒரே நாளில் முடிக்கலாம் என்கிறான். வழியில் சாமைச் சோறு சாப்பிட உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டான், அவனை எனக்குத் தெரியும்.

அந்தப் பயணத்தில் காட்டுக்குள் பிரியும் தடங்களைத் தொடுவதாக இல்லை. அது காப்புக்காடு, வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது, கரடியும் உண்டு. ஊர்களை இணைக்கும் மண்பாதைகள் மட்டும்தான். அதற்குள் பிரேக் பேட் மாற்ற வேண்டும், ஒரு டியூப் கூடுதலாக வாங்க வேண்டும், ஞாயிறுதோறும் முதுகில் 5 கிலோ பையோடு ஏலகிரியில் பாரி வரையாவது ஏறிப் பார்க்க வேண்டும். போன ஞாயிறு பையோடு ஏறினேன், மறுபடி கபிலரிடமே நின்றுவிட்டேன்.