ஏழு கிலோவில் சைகோன் முதல் சாப்பா வரை

மலிவு விமானங்களில் கைப்பைக்குப் பெரும்பாலும் 7 கிலோதான் அனுமதி. சக்கரம் வைத்த சின்ன டிராலிப் பெட்டியே, உள்ளே ஒரு கைக்குட்டைகூட வைக்காமல், இரண்டரை கிலோ வரும். சில பெட்டிகள் மூன்றைத் தொடும். துணி அடுக்க ஆரம்பிக்கும் முன்பே கிட்டத்தட்ட பாதி போச்சு. அதனால் வியட்நாமுக்குக் கிளம்பியபோது நான் முதலில் யோசித்தது பையைப் பற்றித்தான். தோளில் மாட்டும் 40 லிட்டர் பை ஒன்று கிடைத்தது, எடை ஒரு கிலோவுக்குள். பார்க்க ஒன்றும் அழகில்லை. ஆனால் 56 × 36 × 23 சென்டிமீட்டர் என்ற அளவுக்குள் அதை அமுக்கி அடக்கிவிடலாம். டிராலியை அமுக்க முடியாது.

திருச்சியிலிருந்து கோலாலம்பூர் வழியாக சைகோன். அரசுக் கணக்கில் அது ஹோ சி மின் நகரம். ஊர்க்காரர்கள் இன்னும் சைகோன் என்றுதான் சொல்கிறார்கள். அங்கிருந்து ரயிலிலும் பஸ்ஸிலுமாக வடக்கே ஹனாய், கடைசியில் சீன எல்லைப் பக்கம் இருக்கும் சாப்பா மலை. ஒரு மாதத்துக்கு மேல் சுற்றுவதாகத் திட்டம். மாதம் ஜனவரி, சிக்கலே அதுதான். அந்த மாதத்தில் சைகோன் பகலில் 32 டிகிரி வரை போகும். ஹனாய் 15, 16-இல் நிற்கும். சாப்பா சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே பத்துக்குக் கீழே இறங்குவது சாதாரணம். கைவைத்த பனியனும் ஸ்வெட்டரும் ஒரே பையில் போக வேண்டும்.

கிளம்புவதற்கு முதல் நாள் பையைத் தூக்கிக்கொண்டு தெருமுனை மளிகைக் கடைக்குப் போனேன். அரிசி நிறுக்கும் தராசில் வைத்தால் 9.4 கிலோ. கடைக்காரர் சிரித்துவிட்டு, “ஒவ்வொண்ணா எடுத்து வைங்க தம்பி, எது கனம்னு பாத்துருவோம்” என்றார். பருப்பு மூட்டைகளுக்கு நடுவே பை திறக்கப்பட்டது. ஜீன்ஸ் மட்டும் 720 கிராம். குளியலறை டவல் 510. அம்மா கடைசி நேரத்தில் திணித்த கம்பளி ஸ்வெட்டர் 650. பெரிய பவர் பேங்க் 430. “ஒரு டவலுக்கா இவ்வளவு எடை?” என்று கேட்டார் சர்க்கரை வாங்க வந்த பெரியவர். நியாயமான கேள்வி.

டவலுக்குப் பதில் ஈரோட்டுத் துண்டு ஒன்று வந்தது. 140 கிராம். வெளிநாட்டுப் பயணக் குறிப்புகளில் சீக்கிரம் காயும் துண்டு என்று விலையுயர்ந்த ஒரு செயற்கை இழைச் சமாசாரத்தை வாங்கச் சொல்கிறார்கள். நம் ஊரில் தலைமுறை தலைமுறையாகத் தோளில் கிடப்பது அதைவிட ஒருபடி மேல். துவட்டலாம், வெயிலுக்குத் தலையில் கட்டலாம், ரயிலில் சுருட்டித் தலைக்கு வைக்கலாம். அதோடு ஒரு கைலி. நான்கு பேர் படுக்கும் ரயில் பெட்டியில் உடை மாற்ற கைலியைவிடச் சிறந்த அறை கிடையாது. மற்றபடி இரண்டு மெல்லிய பேன்ட், நான்கு சட்டை, உள்ளாடைகள், மாத்திரைகள், பருப்புப்பொடி, சின்ன பவர் பேங்க். பவர் பேங்கை எப்படியும் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும், செக்-இன் பெட்டியில் போட அனுமதி இல்லை. நம் இரண்டு முனை போன் சார்ஜர் வியட்நாம் பிளக்கில் அப்படியே பொருந்தும்; மூன்று முனை இருந்தால்தான் அடாப்டர் வேண்டும்.

திரவம் என்றால் ஒவ்வொரு புட்டியும் 100 மில்லிக்குள், எல்லாம் சேர்ந்து ஒரு லிட்டர் ஜிப் கவருக்குள். ஷாம்புக்குப் பதில் சீயக்காய்ப் பொடி, திரவ சோப்புக்குப் பதில் கட்டி சோப்பு என்று மாற்றியதில் அந்தக் கவர் பாதி காலியாகவே கிடந்தது. தேங்காய் எண்ணெய் மட்டும் சின்னப் புட்டியில் வந்தது. 24 டிகிரிக்குக் கீழே தேங்காய் எண்ணெய் உறையும் என்பதால், ஹனாயில் இறங்கிய மறுநாளே வெள்ளையாகக் கெட்டிப்பட்டுவிட்டது. சாப்பாவில் புட்டியை வெந்நீர் டம்ளரில் நிற்க வைத்துத்தான் தலைக்கு எண்ணெய் வைத்தேன்.

ஸ்வெட்டரை எடுத்து வெளியே வைத்தபோது அம்மாவுக்கு வருத்தம்தான். “குளிர்ல கெடந்து நடுங்கப் போறியாப்பா, ஒரு ஓரமா இருக்கட்டுமே.” ஆனால் சைகோன் வெயிலிலும், குளிர் அதிகம் இல்லாத நடு வியட்நாம் ஊரான ஹோய் ஆனிலும் முதல் மூன்று வாரம் அந்த 650 கிராமை வெறுமனே சுமக்க வேண்டியிருக்கும். குளிர்கால ஊருக்குப் போகிறவர்கள் குளிர் உடையை அந்த ஊரிலேயே வாங்கலாம் என்பது என் கட்சி. ஹனாய்ப் பழைய நகரத் தெருக்களில் பஞ்சடைத்த ஜாக்கெட்டுகள் மலைமாதிரி குவிந்து கிடக்கும். மேலே ஒட்டியிருக்கும் பெயரை நம்ப வேண்டாம், உள்ளே இருக்கும் பஞ்சை அமுக்கிப் பார்த்து வாங்க வேண்டும். அடியில் உடம்போடு ஒட்டும் தெர்மல் பனியன், மேலே சட்டை, அதற்கு மேல் ஜாக்கெட். அதுவே போதுமானதாக இருந்தது. சாப்பாவில் நான் தங்கிய வீட்டில் அறையைச் சூடாக்கும் வசதி இல்லை, ஆனாலும் தூக்கம் வந்தது.

குறைந்த துணியோடு போகிறவன் உண்மையில் பயப்பட வேண்டியது குளிருக்கு இல்லை, ஈரத்துக்கு. தெற்கே இரவில் அலசிப் போட்டால் காலையில் மொறமொறப்பாக எடுத்து மாட்டலாம். ஹனாயில் குளிர்காலத்தின் பிற்பாதியில் பொடித்தூறல் விடாது. அறைக்குள் கட்டிய கொடியில் காலுறை இரண்டு நாள் தொங்கியும் ஈரம் போகவில்லை, மணம்தான் வந்தது. நல்லவேளையாகக் கிலோ கணக்கில் துவைத்து, இயந்திரத்தில் உலர்த்தித் தரும் கடைகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. கிலோவுக்கு 30,000 முதல் 50,000 டாங் வரை கேட்கிறார்கள். எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டாம், நம் காசுக்குச் சுமார் 100 முதல் 170 ரூபாய். காலையில் கொடுத்தால் சாயங்காலம் சூடாக மடித்துக் கைக்கு வரும். வடக்கே போகிறவர்கள் துணியைக் கூட்டாமல் இந்தச் செலவைக் கூட்டிக்கொள்ளலாம்.

பை சின்னதாக இருந்ததன் பலன் விமான நிலையத்தைவிடத் தெருவில்தான் அதிகம். ஹனாய்ப் பழைய நகரத்தில் நடைபாதை நடப்பதற்கு இல்லை. வரிசையாக மோட்டார் சைக்கிள்கள், நடுவில் குட்டி பிளாஸ்டிக் ஸ்டூல்களில் ஃபோ நூடுல்ஸ் சாப்பிடுகிறவர்கள். அங்கே சக்கரப் பெட்டியை உருட்டிக்கொண்டு வந்த ஒரு தம்பதி, இருபது அடிக்கு ஒரு தரம் பெட்டியைத் தூக்கி ரோட்டில் இறக்கி, மறுபடி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். விடுதிகளும் குறுகலாக, உயரமாக இருக்கும். பலவற்றில் லிஃப்ட் கிடையாது. எனக்குக் கிடைத்தது நான்காவது மாடி. அப்புறம் கிராப் பைக். கார் மாட்டிக்கொள்ளும் நெரிசலில் இருசக்கர டாக்ஸி நுழைந்து போய்விடும், கட்டணமும் குறைவு. ஓட்டுநர் கொடுக்கும் ஹெல்மெட்டை மாட்டி, பையை முதுகில் போட்டு ஏறி உட்கார்ந்தால் ஆயிற்று. படுக்கை பஸ்ஸில் ஏறும்போதே செருப்பைக் கழற்றி பிளாஸ்டிக் பையில் போடச் சொல்வார்கள். பெரிய பெட்டி எல்லாம் அடியில் போகும். என் பை கால்மாட்டிலேயே கிடந்தது, நடுராத்திரி இறங்கும்போது தேட வேண்டியிருக்கவில்லை.

சைகோன்–ஹனாய் ரயில் பாதை 1,726 கிலோமீட்டர். ஒரே மூச்சில் போனால் முப்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும், நான் விட்டுவிட்டுப் போனேன். நடு வியட்நாமில் டா நாங்கிலிருந்து ஹுவே போகும் பகுதியை மட்டும் பகலில் வைத்துக்கொள்ளுங்கள். ஹாய் வான் மலையைச் சுற்றி ரயில் கடலை ஒட்டியே ஊர்ந்து போகும். வடக்கே போகிறவர்களுக்கு வலப்பக்க ஜன்னல்.

குழந்தையோடு போகிறவர்களுக்கு இந்த ஏழு கிலோ வீராப்பெல்லாம் சரிவராது. அமெரிக்காவில் பேரப்பிள்ளையைப் பார்க்கக் கிளம்பும் பெற்றோரிடமும் இதைச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன். அவர்கள் 23 கிலோ பெட்டியில் முறுக்கும் வடகமும் அடைத்துக்கொண்டு போகட்டும், அங்கே ஒரு வீடே காத்திருக்கிறது. தனியாக, ஊர் ஊராக மாறிப் போகிறவர்களுக்குத்தான் இந்தக் கணக்கு.

திரும்பும்போது பருப்புப்பொடி தீர்ந்த இடத்தில் அரைக் கிலோ காப்பித்தூளும், சொட்டுச் சொட்டாக இறக்கும் தகர ஃபில்டர் ஒன்றும் ஏறின. ஜாக்கெட்டை சாப்பா வீட்டுக்காரரின் மகனுக்கே கொடுத்துவிட்டேன். விமான நிலையத் தராசில் 6.9 காட்டியது. ஜாக்கெட் என்ன ஆயிற்று என்று அம்மா கேட்டதற்கு, காப்பியைப் போட்டுக் கொடுத்தேன். கசக்கிறது என்று சொல்லி இரண்டு கரண்டி சர்க்கரை போட்டுக்கொண்டார்.