பாராட்டு மடலில் விட்டுப்போன பெயர்கள்

சேலத்தில் இருக்கும் ஒரு சேவை சங்கத்திலிருந்து போன் வந்தபோது தடுப்பூசிப் பதிவேட்டை எழுதிக்கொண்டிருந்தேன். "ஊருக்காக உழைக்கிற ஒருத்தருக்கு வருஷா வருஷம் விருது கொடுக்கிறோம் சிஸ்டர். இந்தத் தடவை மலையிலிருந்து யாரையாவது கூப்பிடலாம்னு இருக்கோம். நீங்க யாரைச் சொல்வீங்க?" என்று செயலாளர் கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. ஏற்காடு பக்கம் கிராம சுகாதார செவிலியராக வந்த நாளிலிருந்து சொட்டு மருந்துப் பெட்டியோடு என்கூட நடக்கும் அக்காவைச் சொன்னேன்.

விண்ணப்பம் வாட்ஸ்அப்பில் வந்தது. சேவை செய்த ஆண்டுகள், பயனடைந்தோர் எண்ணிக்கை, பத்திரிகைச் செய்தியின் நகல், புகைப்படங்கள் என்று கேட்டிருந்தார்கள். 20 ஆண்டுகளுக்கு மேல் என்பதை மட்டும் நிரப்ப முடிந்தது. மற்றதெல்லாம் அக்காவிடம் கிடையாது. முகாம் நாளில் எடுத்த படங்களில் பேனர் இருக்கும், வந்த அதிகாரிகள் இருப்பார்கள், வாயைத் திறந்து அழும் குழந்தை இருக்கும். அந்த நேரத்தில் அக்கா அடுத்த வீட்டுக்குப் போயிருப்பார்.

அவர் காப்பித் தோட்டக் கூலி. ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். மலைப்பகுதியில் ஒரு துணை சுகாதார நிலையத்துக்கு 3,000 பேர் என்று கணக்கு, சமவெளியில் 5,000. ஆள் குறைவுதானே என்று கீழே இருப்பவர்கள் நினைப்பார்கள். அந்த 3,000 பேரும் ஒரே தெருவில் இல்லை. ஒரு ஊரிலிருந்து அடுத்த ஊருக்குச் சரிவில் இறங்கி, ஓடையைத் தாண்டி, மறுபடி ஏற வேண்டும். தோளில் வேக்சின் கேரியர் என்கிற குளிர்பெட்டி, அதற்குள் நான்கு ஐஸ் பேக், நடுவில் மருந்துக் குப்பிகள். குப்பியின் மேல் ஒரு வட்டமும் அதற்குள் ஒரு சதுரமும் இருக்கும். சூடு பட்டால் சதுரம் கருக்கும். வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் அந்த மருந்தைக் கொடுக்கக்கூடாது. வழியில் எந்த மரத்தடியில் உட்கார்ந்தாலும் அக்கா முதலில் பெட்டியை நிழலில் வைத்துவிட்டுத்தான் தான் உட்காருவார். ஒருமுறை சொல்லிக்கொடுத்ததுதான், அப்புறம் நான் நினைவூட்ட வேண்டி வந்ததில்லை.

1995-ல் நாடு முழுவதும் தொடங்கிய போலியோ சொட்டு மருந்துத் திட்டம் இது. ஞாயிற்றுக்கிழமை முகாமில் கொடுப்போம். பிறகு விட்டுப்போன குழந்தைகளைத் தேடி வீடு வீடாகப் போவோம். சொட்டு மருந்து போட்ட குழந்தையின் இடது கைச் சுண்டுவிரலில் மை வைப்போம். எல்லாக் குழந்தைக்கும் போட்டாகிவிட்டால் கதவில் சாக்பீஸால் 'பி' என்று எழுதுவோம். குழந்தை ஊரில் இல்லை, வீடு பூட்டியிருக்கிறது, வேண்டாம் என்கிறார்கள் என்றால் 'எக்ஸ்'. எங்கள் வேலை முழுக்க எக்ஸ் வீட்டை பி வீடாக்குவதுதான்.

மலையில் இது சுலபமில்லை. பல வருஷம் பெரும்பாலும் ஜனவரியிலும் பிப்ரவரியிலும் தவணை வந்தது. அது காப்பிப் பழம் பறிக்கும் காலம். பெண்கள் விடிந்ததும் தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். மூடுபனியில் கைக்குழந்தையை யாரும் முகாமுக்குத் தூக்கி வர மாட்டார்கள். சில குடும்பங்கள் மிளகு பறிக்கக் கேரளாவுக்கும், காப்பி வேலைக்குக் குடகுக்கும் போயிருக்கும். அட்டவணையில் எங்களுக்குப் போட்டுக் கொடுத்த நேரம் காலை ஒன்பது மணி. "ஒம்பது மணிக்குப் போனா பூட்டைத்தான் பாப்பீங்க சிஸ்டர். சாயங்காலம் பழம் அளக்குற எடத்துக்கு வாங்க, எல்லாரும் அங்கதான் வருவாங்க" என்று அக்கா சொன்னார். அன்று மூட்டை மூட்டையாகப் பழம் அளந்துகொண்டிருந்த இடத்தில் குழந்தைகளுக்கு மருந்து கொடுத்தோம். எத்தனையோ பயிற்சிக் கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். அவர் அன்று சொன்ன அளவுக்கு எனக்குப் பயன்பட்ட யோசனை எதுவும் அவற்றில் கிடைத்ததில்லை.

யார் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள், யார் வீட்டுக்குப் பேரன் வந்திருக்கிறான் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். மறுக்கும் வீடுகளில் வாதாட மாட்டார். அவர் தம்பிக்குச் சின்ன வயதில் போலியோ வந்து ஒரு கால் சூம்பிப் போயிருந்தது. கையால் தொடையை அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார். ஒரு வீட்டில் மாமியார் ஒருவர் மூன்று தவணையாக மறுத்துக்கொண்டிருந்தார். அக்கா தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்தார். தம்பி வாசல் திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார், தோட்டத்து வேலையைப் பற்றிப் பேசினார். மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கிளம்பும்போது அந்த அம்மாவே குழந்தையை மடியில் போட்டு வாயைத் திறந்து காட்டினார். தன் காலை ஊருக்குக் காட்ட அந்தத் தம்பி சம்மதித்தது எவ்வளவு பெரிய காரியம் என்று அன்று இரவுதான் எனக்கு உறைத்தது.

இந்தியாவில் கடைசிப் போலியோ பாதிப்பு 2011 ஜனவரி 13-ல், மேற்கு வங்கத்தில் ஹவுரா பக்கம் ஒரு சின்னப் பெண் குழந்தைக்கு. 2014 மார்ச் 27-ல் போலியோ இல்லாத நாடு என்று சான்றிதழ் கிடைத்தது. சேவை சங்கங்களுக்கு இதில் பெரிய பங்கு உண்டு. 1905-ல் சிகாகோவில் தொடங்கிய ரோட்டரி, 1985-லிருந்து போலியோ ஒழிப்பைத் தன் முக்கிய வேலையாக எடுத்துக்கொண்டது. எங்களுக்கும் முகாம் நாளில் ஜீப் கொடுத்த சங்கங்கள் உண்டு. சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுவந்து, கூடவே நடந்தவர்களும் உண்டு. அந்தப் பணமும் வண்டியும் இல்லாமல் மருந்து மலையேறியிருக்காது. ஆனால் ஜீப் நிற்கும் இடத்துக்கு அப்புறமும் ஊர்கள் இருக்கின்றன.

முகாம் முடிந்ததும் டேலி ஷீட் என்கிற கணக்குத் தாளில் குழந்தைகளின் எண்ணிக்கை மேலதிகாரிகளுக்குப் போகும். கூட நடந்தவரின் பெயரைக் காலாகாலத்துக்கும் வைத்திருக்க எங்கள் பதிவேடுகளில் இடம் இல்லை. நான் மாற்றலாகிப் போனால், அக்கா செய்தது அந்த ஊர்க்காரர்கள் நினைவில் மட்டும்தான் மிஞ்சும். இந்த விருதை நான் பெரிதாக நினைத்ததற்குக் காரணம் இதுதான். சால்வை பழசாகும், கேடயம் கறுக்கும். ஆனால் பாராட்டு மடல் என்று ஒரு தாள் கொடுப்பார்களே, அவர் செய்த வேலை என்ன என்று எழுத்தில் வரும் ஒரே இடம் அது. அதை நானே எழுதித் தருகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். நான்கு இரவுகள் ஆனது. 'தன்னலமற்ற சேவைச் செம்மல்' மாதிரியான வார்த்தைகளை எல்லாம் அடித்துவிட்டேன். பழம் அளக்கும் இடம், நிழலில் வைத்த பெட்டி, தம்பி என்று நடந்ததை மட்டும் வைத்தேன். பயனடைந்தோர் எண்ணிக்கைக்கு என்னிடம் பதில் இல்லை. "இவர் நடந்த ஊர்களில் கடைசித் தவணையில் ஒரு எக்ஸ் வீடுகூட இல்லை" என்று எழுதினேன். செயலாளர் ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. அதற்கு நான் அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன்.

விழா இரவு ஏழு மணிக்கு என்றார்கள். அக்கா என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, கடைசி பஸ் கிடைக்குமா என்பதுதான். சங்கத்தில் சொன்னேன். ஞாயிறு காலை பதினோரு மணிக்கு மாற்றினார்கள். ஒரு நாள் கூலியும் போகாமல் ஆயிற்று. விருது கொடுப்பவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். இப்படிப்பட்டவர்கள் விண்ணப்பம் போட மாட்டார்கள். அங்கன்வாடி ஆயாவிடமும் தபால்காரரிடமும் பஸ் கண்டக்டரிடமும் கேட்டால் பெயர் கிடைக்கும்.

சேலத்தில் அஸ்தம்பட்டி பக்கம் ஒரு மண்டபம். மணி அடித்துக் கூட்டத்தைத் தொடங்கினார்கள். மடலை வாசிக்க வாசிக்க அக்கா தலை நிமிரவே இல்லை. மைக்கைக் கொடுத்தபோது, "நாங்க மூணு பேரு போவோம்" என்றார். அவ்வளவுதான். எல்லோரும் கை தட்டினார்கள். அவர் என்ன சொன்னார் என்பது எனக்கே அப்போது பிடிபடவில்லை.

திரும்பும் பஸ்ஸில் கண்ணாடிச் சட்டம் போட்ட மடலை மடியில் வைத்து, எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டே வந்தார். 20 கொண்டை ஊசி வளைவும் முடிவதற்குள் இரண்டு முறை வாசித்துவிட்டார். அப்புறம் என்னைப் பார்த்து, "அவங்க ரெண்டு பேரு பேரு இல்லையே சிஸ்டர்" என்றார். முகாம் நாட்களில் ஓடைக்கு அந்தப் பக்கத்து வீடுகளைப் பார்த்துக்கொண்ட இரண்டு பெண்கள். நான்கு இரவு உட்கார்ந்து எழுதியும் அவர்களை நான் விட்டிருந்தேன்.

துணை சுகாதார நிலையத்துக்கு வந்ததும் சட்டத்தின் பின்பக்க ஆணிகளைப் பிரித்துத் தாளை வெளியே எடுத்தோம். அக்கா பெயரைச் சொன்னார், நான் கீழே எழுதினேன். இரண்டு பெயரையும் எழுதி முடித்த பிறகு, கொஞ்சம் தயங்கி, தம்பி பேரையும் போடச் சொன்னார்.